காலனிப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுச்சாவடி

எண்பதுகளில் ஒரு தேர்தலுக்கு முன்பு, கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் குரலைத் தாழ்த்தவே இல்லை.

“நம்ம மனுவைப் பாத்து, ஓட்டுச்சாவடியை நம்ம காலனி ஸ்கூலுக்கு மாத்தறாங்களாம்க்கா.”

“அப்போ ஊர்த்தெருக்காரங்க?”

“அவங்களும் நம்ம தெருவுக்குத்தான் வரணும். நம்ம கூடவே வரிசையில நிக்கணும்.”

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

“இத்தினி வருசமா அவங்க தெரு முனையில செருப்பைக் கழட்டி, கையில எடுத்துக்கினு போய்த்தான் ஓட்டுப் போட்டேன். ஒரு வாட்டியும் விட்டதில்ல.”

“அதான் கேக்கறேன். இப்போ அவங்களைக் கழட்டச் சொல்லலாமா?”

மூத்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“வேணாம்டி. போட்டுக்கினே வரட்டும். நம்ம தெருவுல யாரும் செருப்பைக் கையில தூக்க வேணாம்.”