நாற்பத்து மூன்றாவது இடம்

— நீ உன் வீட்டுக்காரர் ஊர் ஆபீசுக்கு மாறுதல் வாங்கிட்டுப் போயிட்டா இந்த புரோகிராமை யாரும்மா பாப்பாங்க? வருஷா வருஷம் நானும் இதைத்தானே சொல்றேன்.

— அதனாலதான் சார் அதையே மாத்தி எழுதிக் கொண்டுவந்திருக்கேன். கெர்னல்ல, அதான் மெஷினோட அடிப்படை புரோகிராம்ல, மெமரி பகுதியைத் தேடுற வேலை மொத்தமும். ஏழு மாசம், சாப்பாட்டு நேரத்துல உக்காந்து எழுதினது.

— பாரும்மா, ஓடிட்டிருக்கிறதுல எதுக்குக் கை வைக்கிறே?

— எங்க சார் ஓடுது? ஒரு மெமரி முகவரியைக் கொடுத்து, இது எந்தப் பகுதியில இருக்குன்னு கேட்டா, பழசு என்ன பண்ணுது? எதுலயும் இல்லேன்னா பேசாம அடுத்த பகுதியைத் தூக்கிக் கையில குடுத்துடுது. சரியானதுதானான்னு கேட்டவங்கதான் சோதிச்சுக்கணும். புரோகிராம்ல நாப்பத்திரெண்டு இடத்துல சோதிச்சோம். நாப்பத்தி மூணாவது இடத்துல விட்டுட்டோம்.

— போன வருஷம் மெஷின் எல்லாம் வரிசையா படுத்துச்சே, அதுவா?

— அதேதான். என் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல சேக்குற அன்னைக்கு. பாதி வழியில இருந்த என்னை ஃபோன் பண்ணி பஸ்ஸை விட்டு இறக்கினீங்க.

— சரி சரி, அதைக் கிளறாதே. புதுசு என்ன பண்ணும்?

— இருந்தா அந்தப் பகுதியைத் தரும். இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடும். தனித்தனியா சோதிக்கிற வேலையே கிடையாது. படிச்சுப் பாருங்க.

— நானா? பாரும்மா, எனக்கு இப்ப மீட்டிங்...

— ஆறே வரி சார்.

— ... இவ்வளவுதானா?

— இவ்வளவுதான்.

— எனக்கே புரியுதேம்மா!

— புரியணும்னுதானே எழுதினேன். இனிமே யார் வேணும்னாலும் பாத்துக்கலாம். இப்பவாவது என் மாறுதலுக்கு மேலிடத்துக்கு எழுதிக் கேளுங்க சார். அவரும் பொண்ணும் அங்க, நான் இங்கன்னு நாலு வருஷம் ஓடிப்போச்சு. நேத்து ஃபோன்ல அவ என்னை 'நல்லா இருக்கீங்களா'ன்னு கேக்கறா. வாங்க போங்கன்னு. யாரோ ஒரு ஆன்ட்டிகிட்டப் பேசுற மாதிரி.

— அந்தக் கதவைச் சாத்திட்டு வந்து உக்காரும்மா.

— ஏன் சார், மாறுதல் தர மாட்டேங்கிறாங்களா?

— அது இல்ல. பழைய புரோகிராம் எனக்கு ஒருநாளும் புரிஞ்சதில்லம்மா. நீ போன மறுநாளே என் குட்டு வெளிப்பட்டுடும்னு பயந்துகிட்டே இருந்தேன்.

— அதை எதுக்கு சார் என்கிட்ட இப்ப சொல்றீங்க?

— உன் மாறுதல் உத்தரவு வந்து ரெண்டு வருஷம் ஆச்சும்மா. என் டிராயர்லதான் இருக்கு.