கனவு நோட்டில் என் கைவேலை

உங்கள் அறைக் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடுகிறது, மேடம். முதல் நாளே கவனித்தேன். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. முந்தி ஓடினாலும் உங்கள் ஐம்பது நிமிடம் ஐம்பது நிமிடம்தான். இருந்தாலும் அளவு தப்பினால் அது என் கண்ணில் படாமல் போகாது. நில அளவை அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக வரைபடப் பிரிவில் இருக்கிறேன்.

"எழுதிக் கொண்டு வாங்க. பேசச் சொன்னா சுத்தி வளைப்பீங்க" என்றீர்கள். சரியாகத்தான் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

என் வேலை என்னவென்று நீங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. மடிப்பு கிழிந்து, ஓரம் செல்லரித்துப்போன பழைய வரைபடங்களைப் பார்த்து அப்படியே புதிதாக வரைவது. கோடு மட்டும் வந்தால் போதாது, பழைய ஆளின் எழுத்தும் வரவேண்டும். ஒருவர் சுழிக்கிற சுழி, ஒருவர் கால் வாங்குகிற விதம் எல்லாம் ஒரு வாரம் பார்த்தால் எனக்குக் கைக்கு வந்துவிடும். செத்துப்போன மூன்று பேரின் கையெழுத்து என்னிடம் இருக்கிறது. என் மனைவியின் எழுத்து அவற்றைவிட எளிது. கொஞ்சம் இடதுபக்கம் சாயும், அவ்வளவுதான்.

எங்கள் குட்டி போய் இரண்டு வருடம் கழித்துத்தான் என் மனைவி மனநல ஆலோசனைக்கு உங்களிடம் வந்தாள். மூன்று வயதுக் குழந்தை, குளியலறைத் தொட்டியில் மூழ்கி. அன்றைக்கு இவளுக்குக் காய்ச்சல். இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். அந்த மத்தியானம் அவள் நினைவில் அடியோடு இல்லை. நான் எல்லோரிடமும் ஒரே மாதிரி சொன்னேன். அவளிடமும் சொன்னேன்: "நான் வேலைக்கு உக்காந்தப்ப நீதானே எந்திரிச்சு வந்து, குளிப்பாட்டுறேன்னு தூக்கிட்டுப் போன." தலையாட்டினாள். அவளுடைய அண்ணனும் தலையாட்டினார். ஆனால் அவளுக்கு அது உள்ளே இறங்கவில்லை. நினைவு வந்தால்தான் அழமுடியும் என்று அவளே சொல்லிக்கொண்டு உங்களைத் தேடிப் பிடித்தாள். நான் வேண்டாமென்று சொல்லவில்லை. வேண்டாமென்றால் ஏன் என்று கேட்பாள்.

முதல் நாள் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, இது எப்படிப் போகும் என்று பொறுமையாக விளக்கினீர்கள். ஆரம்பத்தில் இன்னும் மோசமாகத்தான் இருக்கும். நெருங்கியவர்கள் மேல் கோபம் வரும், உங்கள் மேலேயே வரும். பாதியில் விட்டுவிட்டு ஓடத் தோன்றும். அறிவுரை எதிர்பார்க்கக் கூடாது, மாதக்கணக்கில் ஆகலாம், வருடக்கணக்கிலும் ஆகலாம். பிறகு அந்த நோட்டைக் கொடுத்தீர்கள்.

"கனவு வந்தா தூக்கக் கலக்கத்துலயே எழுதிருங்க. திரும்பப் படிக்காதீங்க, இங்க வந்து சேர்ந்து படிப்போம். வேற யாரோ எழுதின மாதிரி இருக்கும். பயப்படாதீங்க, அது சகஜம்."

என்னைப் பார்த்து, "வீட்ல எதையும் நோண்டிக் கேக்காதீங்க. துணையா மட்டும் இருங்க" என்றீர்கள். இருந்தேன். செவ்வாய்தோறும் கொண்டுவந்து விட்டேன், கூட்டிக்கொண்டு போனேன்.

நீங்கள் சொன்னது ஒவ்வொன்றும் நடந்தது. நான்காவது வாரம் அவள் சாப்பாட்டை நிறுத்தினாள். ஐந்தாவது வாரம் தட்டைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல், "அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்றாள். இரண்டு வருடத்தில் முதல் தடவை. நான் நிதானமாக, "மேடம் சொன்னாங்கல்ல, நெருங்கினவங்க மேல கோபம் வரும்னு" என்றேன். உடனே அவளுக்கு வெட்கமாகிவிட்டது. "ஆமாங்க. தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். உங்கள் அந்த வாக்கியம் நல்ல வாக்கியம். அதற்குப் பிறகும் பல தடவை எனக்குக் கைகொடுத்தது.

காலையில் அவள் குளிக்கப் போனால் இருபது நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் நோட்டைப் படிப்பேன். படிக்கக் கூடாது என்று அவளிடம்தான் சொன்னீர்கள், என்னிடம் சொல்லவில்லை. ரயில், பரீட்சைக்கூடம், பல் விழுவது என்று ஊரில் எல்லோரும் காண்கிற கனவுகள். ஆறாவது வாரம் ஒரு பக்கத்தில் நாலே வரி இருந்தது. தாழ்ப்பாள் போடுகிற சத்தம். வெளியிலிருந்து. போடுகிற கை தெரிகிறது. விரலில் கறுப்பு மை.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, அது இதுதான்.

தைத்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால் அதன் ஜோடித் தாளும் கழன்று வரும். இரண்டையும் எடுத்தேன். அடுத்த தாளில் அவள் எழுத்தில் எழுதினேன்: தாழ்ப்பாள் சத்தம். போடுகிற கை தெரிகிறது. கையில் என் வளையல். நாலு வரியில் பாதி அவளுடையதுதான். வரைபடத்திலும் அப்படித்தான், சிதைந்த இடத்தை மட்டும்தான் தொடுவோம்.

செவ்வாய்க்கிழமை நீங்கள் அதை வாசித்துக் காட்டி, "இந்த வளையல் யாரோடது?" என்று கேட்டிருக்கிறீர்கள். "என்னோடது" என்றாளாம். வீட்டுக்கு வருகிற வழியில் என்னிடம் சொன்னாள். நீங்கள் திறமைசாலி, மேடம். நான் கோட்டைத்தான் போட்டேன். நிறம் கொடுத்ததெல்லாம் நீங்கள் இருவரும்தான்.

மொத்தம் பத்தொன்பது கனவு எழுதினேன். அவசரப்படவில்லை. அவளுடைய ரயில்களையும் பற்களையும் அப்படியே விட்டுவைத்தேன்.

எங்கே தப்பினேன் என்று உங்களுக்குத் தெரியும். அவள் ஐந்து நாள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். நோட்டை மறந்து வைத்துவிட்டுப் போனாள். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போட்டே வந்த நோட்டு, அந்த ஐந்து தேதி இல்லாமல் கிடந்தது. எங்கள் வேலையில் இடைவெளி விட்டால் பிரதியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பழக்கம், கை சும்மா இருக்கவில்லை. எழுதி நிரப்பினேன். அவளும் நீங்கள் சொன்னபடி திரும்பப் படிக்காமல் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த வாரம் வரமுடியாது, நோட்டையும் வீட்டிலேயே விட்டுவிட்டேன் என்று அவள் அண்ணன் வீட்டிலிருந்து உங்களுக்குப் போன் செய்தது எனக்குத் தெரியாது.

அந்த மத்தியானத்தைத்தானே கேட்கிறீர்கள். வரைபடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன், மறுநாள் கொடுக்கவேண்டியது. குட்டி இரண்டு தடவை ஈர மையில் கை வைத்தாள். இரண்டாவது தடவை ஒரு மூலை வீணாகிவிட்டது. அடிக்கவில்லை. நான் அவளை அடித்ததே கிடையாது. தூக்கிக்கொண்டு போய்க் குளியலறையில் விட்டு, கையில் குவளையைக் கொடுத்தேன். அவளுக்குத் தண்ணீர் பிடிக்கும். தொட்டியில் பாதி இருந்தது. மறுபடி ஓடிவந்து தாளைத் தொடக் கூடாதே என்று வெளியே தாழ்ப்பாளைப் போட்டேன். பத்து நிமிடம் என்றுதான் நினைத்தேன்.

குவளைச் சத்தம் கேட்டது. அவளுடைய பாட்டு கேட்டது. கதவைத் தட்டி "அப்பா" என்றாள், கொஞ்சம் பொறு என்றேன். பிறகு சத்தம் இல்லை. எனக்கு அது சௌகரியமாக இருந்தது. வடக்கு எல்லைக் கோட்டை முழுக்கப் போட்டு முடித்தேன். எழுந்தபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

கத்துவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். குட்டியின் துண்டை நனைத்து, தூங்கிக்கொண்டிருந்தவள் கையில் வைத்தேன். என் கூச்சல் கேட்டு அவள் விழித்தபோது அவள் கையில் ஈரத் துண்டு இருந்தது. யோசித்துச் செய்ததில்லை. யோசிக்க நேரமும் இல்லை.

வருகிற செவ்வாய் அவளிடம் சொல்லிவிடுவேன் என்கிறீர்கள். சொல்லுங்கள். ஆனால் ஒன்றைப் பாருங்கள். இப்போது அவள் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், அழுகிறாள். அழுகை வந்தால் நல்லது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். இரண்டு வருடம் வராததை நான் வரவழைத்திருக்கிறேன். இனி அவளுக்கு ஏதாவது ஆனால் அது நீங்கள் சொன்னதால் ஆனதாகத்தான் இருக்கும்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று பாக்கி இருக்கிறது. போன மாதம், எல்லாம் நினைவு வந்துவிட்டது என்று உங்களிடம் சொன்னாளே, அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் நாற்காலிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"நான்தாங்க உள்ள விட்டுத் தாழ்ப்பாள் போட்டேன். காய்ச்சல்ல என்ன பண்றேன்னே தெரியாம போட்டுட்டுப் போய்ப் படுத்துட்டேன். உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கக்கூட எனக்கு வாய் இல்ல."

நான் கொஞ்சநேரம் யோசித்தேன். எடுத்த எடுப்பில் சொல்லிவிடுகிற பேச்சில்லை அது. பிறகு அவள் தலையில் கை வைத்து, "மன்னிச்சுட்டேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன், மேடம். அத்தனை நாளும் அவள்மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.