திருப்பிப் போட்ட வாஷர்

"ஹலோ... ஹலோ, யாரு... அண்ணியா? சொல்லுங்க அண்ணி... இல்ல இல்ல, வேலை ஒண்ணும் இல்ல. சொல்லுங்க."

வேலை இருந்தது. ஒரு கார் ஜாக்கியில் தூக்கிய மேனிக்கு நின்றுகொண்டிருந்தது. ஆனாலும் மெக்கானிக் கையைக்கூடத் துடைக்காமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். இந்தக் குரல் என்றைக்காவது ஒருநாள் கூப்பிடும் என்று பதினொரு மாதமாகப் பயந்துகொண்டிருந்தவன் அவன். அண்ணியின் புருஷன், அந்தப் பழைய டீசல் காரின் சொந்தக்காரர், மேம்பாலத்தில் வண்டி நின்றுபோய், பானெட்டைத் திறந்து குனிந்திருந்தபோது பின்னால் வந்த லாரி காரை இடித்துத் தள்ளியதில் செத்துப்போனார். ஊரே லாரிக்காரனைத் திட்டித் தீர்த்தது. இவனும் கூடச் சேர்ந்து திட்டினான்.

"ஸ்டார்ட் ஆகி நின்னுடுதா? எந்த வண்டி? ... அந்த வண்டியா... வித்துட்டீங்கன்னுல்ல நெனச்சேன்... ஆமா... ஆமா ஆமா, பின்பக்கம் மட்டும்தான் நசுங்கிச்சு, முன்னாடி யாரும் கை வெக்கல... பாப்பா ஓட்டப் போறாளா? வேலைக்கா... நாளைக்கேவா?"

அவன் எழுந்து நின்றான். அண்ணனின் மகள் அதே வண்டியிலா?

"நான் நேர்ல வந்து பாக்கறேனே... இல்ல, நீங்களே கத்துக்கணும்னா... சரி. சரி அண்ணி. பானெட்டைத் தொறங்க. டப்பா மாதிரி ஒண்ணு இருக்கா? அதான் ஃபில்டர். மேல கறுப்பா... அதேதான், கைப்பம்பு. லைன்ல காத்து பூந்துட்டா டீசல் ஏறாது, நின்னுடும். பக்கத்துல இருக்கிற ஸ்க்ரூவைக் கொஞ்சம் லூஸ் பண்ணிட்டு அமுக்குங்க... ம்... இன்னும்... நுரையா வருதா? வரட்டும், அதான் காத்து."

சளக், சளக் என்று போனில் கேட்டது. அதே சத்தம். அன்றைக்கும் அண்ணன் பாலத்தின் மேலிருந்து கூப்பிட்டார். இவன் சோற்றில் கை வைத்தபடி இதே வார்த்தைகளைச் சொன்னான். அவர் அமுக்கினார். சளக், சளக். அப்புறம் ஒரு ஹாரன். அப்புறம் ஒன்றுமே இல்லை. குளித்தாலும் படுத்தாலும் அந்தப் பாழாய்ப்போன சத்தம் அவனை விட்டுத் தொலையவில்லை.

"போதும் அண்ணி, நிறுத்துங்க... ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க. ஸ்க்ரூவை இறுக்குங்க... இறுக்கியாச்சா? இப்ப ரெண்டு தடவை அமுக்கிட்டு, பைப்பைப் பிடிச்சிருக்கிற போல்ட்டுக்கு அடியில விரலை வெச்சுப் பாருங்க... ஈரமா?... ம். டீசல்தான்."

பைப் பழசு என்று சொல்லிவிடலாம். சாயங்காலம் போய்ச் சத்தம் போடாமல் சரிசெய்துவிட்டு வரலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

"என்ன கேட்டீங்க?... அன்னைக்கு அண்ணனும் இதைத்தான்..."

 பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"ஆமா அண்ணி. இதையேதான் பண்ணிட்டிருந்தார்... நான்தான் போன்ல சொல்லிக்கொடுத்தேன்... ஆமா, எனக்குத்தான் கூப்பிட்டார்... இல்ல, யார்கிட்டயும் சொல்லல... இருங்க, முழுசா சொல்லிடறேன். வண்டிய யாரும் எடுக்காதீங்க. அந்த போல்ட்டுக்கு அடியில ஒரு செம்பு வாஷர் இருக்கு, கசியாம அடைக்கிற வளையம். ஒரு தடவை கழட்டினா புதுசு போடணும். இல்லேன்னா பழசைச் சிவக்கக் காய்ச்சிப் போடணும், அப்பதான் இளகி உக்காரும். கடைசியா ஃபில்டர் மாத்தினப்ப நான் ரெண்டும் பண்ணல. பழசைத் திருப்பிப் போட்டு இறுக்கிட்டேன். அந்த வழியாத்தான் காத்து உள்ள போகுது, அன்னைக்குப் பாலத்துல நின்னதும் அதனாலதான்... அவரும் அவசரம்னு நின்னார்... இல்ல, அவர் மேல பழி போடல. தப்பு என்னுது அண்ணி, முழுக்க என்னுது... ஹலோ... இருக்கீங்களா?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. மெதுவாக, ஒன்றே ஒன்று கேட்டாள்.

"புதுசு மாத்த எவ்வளவு நேரமா?... அஞ்சு நிமிஷம்... அதுகூட ஆகாது... இல்ல, கடைக்கெல்லாம் போக வேண்டியதில்ல... அப்பவே இருந்துது அண்ணி. கைக்கு எட்டற தூரத்துல, டப்பா நெறைய இருந்துது."

லைன் கட்டாகிவிட்டது.