நசுங்காத எலுமிச்சம்பழம்

காலை ஃபெரியில் பட்டர்வொர்த் போய்க்கொண்டிருந்தேன். எதிர் இருக்கையில் ஒரே கார் கம்பெனிச் சட்டையில் இருவர். ஒருத்தி முப்பது வயதுப் பெண், மற்றவர் நரைத்த மீசைக்காரர்.

“நேத்தும் எலுமிச்சம்பழம் நசுங்கிருச்சு அண்ணே” என்றாள் அவள்.

“புதுக் காடிக்கு நசுங்கினா நல்லதுதானே லா?”

“அது கோயில்ல. இது நான் டெஸ்ட் காடிய ஏத்தத்துல நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, டயருக்குப் பின்னால வச்ச பழம். நசுங்கவே கூடாது.”

“டெஸ்ட் பாஸ்னு சொன்னாங்களே?”

“டெஸ்ட் அஞ்சு நிமிஷம்தான். நான் சாப்பிட்டு வந்து பார்த்தேன். பிரேக் சூடு ஆறினதும் பிடி தளர்ந்து, காடி பின்னால வந்திருக்கு.”

“ரூல்ல அஞ்சு நிமிஷம்னா டெஸ்ட் பேப்பர்ல கையெழுத்து போட்டுட்டுப் போயேன். இல்லேன்னா மேனேஜர் வேற ஆளப் போட்டுருவாரு.”

“போடட்டும். மலைக்கோயில் ஏத்தத்துல காடிய நிறுத்துறவங்க அஞ்சு நிமிஷத்துலயா சாமி கும்பிட்டு வர்றாங்க? பின்னால பிள்ளைங்க நிக்கும் அண்ணே.”

ஃபெரி கரையைத் தொட்டது. அவள் எடுத்த பையில் ஏழெட்டு எலுமிச்சம்பழங்கள் இருந்தன.

“இன்னிக்கும் வைக்கப் போறியா?”

“பிரேக்கச் சரிபண்ணிச் சரிபண்ணி வைப்பேன். பழம் முழுசா இருக்கிற அன்னிக்கு, அத மேனேஜர் மேசைல வச்சிட்டுக் கையெழுத்து போடுறேன்.”