கிணறு கழுவிய ஞாயிறு

எனக்குத் தேநீர் வேண்டாம், இன்ஸ்பெக்டர். பிளாஸ்கில் தண்ணீர் இருக்கிறது, திகாம் பத்து டவுனில் என் வீட்டுக் குழாயில் பிடித்தது. வெளியே எங்கே போனாலும் வீட்டுத் தண்ணீர்தான் குடிப்பேன். பல வருடப் பழக்கம்.

நான் ஆர்தர். மின்கம்பங்களுக்கு மருந்து ஏற்றும் ஆலையில் சூப்பர்வைசர். செல் அரிக்காமல் இருக்க மரத்தை ஆர்சனிக் கலந்த மருந்தில் ஊறவைப்போம். ஊறிய கம்பங்களை முற்றத்தில் அடுக்கினால் மருந்து சொட்டும், சொட்டியது மண்ணில் இறங்கும். முற்றத்துக்குக் கீழே பள்ளத்தில் ஆலை ஆட்கள் குடியிருக்கும் லயம். லயத்துக்கு ஒரே கிணறு. இது விளங்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. மருந்துத் தொட்டியில் விரிசல் விழுந்த வருடமே எனக்கு விளங்கிவிட்டது. பிளாஸ்க் வாங்கியதும் அப்போதுதான்.

வாயைத் திறந்திருக்கலாமே என்பீர்கள். நானும் அந்த லயத்தில் பிறந்தவன்தான். அந்த ஜனங்களை எனக்குப் பிடிக்காது. அதிலும் முருகையாவை அறவே பிடிக்காது. ஒரே பள்ளிக்கூடம் என்ற உரிமையில், மேனேஜர் பக்கத்தில் நிற்கும்போதே "டேய் ஆர்தரு" என்பான். சுற்றி நிற்பவர்கள் பல்லைக் காட்டுவார்கள்.

ஒருநாள் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினான். தோல் தடித்துக் கரும்புள்ளியாகக் கிடந்தது.

"கிணத்துத் தண்ணிதான்டா. நீ நம்ம ஆளு, நீ சொன்னா மேனேஜர் கேப்பாருலா."

பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. அவனே சுங்கைப் பட்டாணி டவுனுக்குப் போய்ச் சுகாதார ஆபீசில் புகார் கொடுத்துவிட்டான். அவன் பேச்சைக் கேட்டு லயத்துப் பெண்கள் மேட்டு ஓடையில் தண்ணீர் எடுக்கத் தொடங்கினார்கள். அவன் மகள் குணவதி, வயிற்றுப்பிள்ளைக்காரி, அவளும் குடத்தோடு மேடேறினாள்.

எண்பத்து மூன்றில், மண்ணையும் தண்ணீரையும் சோதிக்க அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. மேனேஜருக்கு வேர்த்துக் கொட்டியது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. லயம் பார்க்கத் துரை வருகிறார் என்றால் முந்தின நாளே சாக்கடையைக் கூட்டிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துப் பழகிய ஜனங்கள். யாரும் ஏவ வேண்டியதில்லை. நான் போய் ஒரே வார்த்தைதான் சொன்னேன்.

"பெரிய அதிகாரி வாராரு. பாசி புடிச்ச கிணத்தையா காட்டப் போறீங்க? மானம் போயிரும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பார்த்தேன். கிணற்றை அடி வரைக்கும் இறைத்து, உறையைத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். எல்லாரையும்விட முருகையாதான் மும்முரம். அவன் புகாருக்கு வருகிற அதிகாரி அல்லவா. ஊற்று மெதுவாக ஊறும் கிணறு அது. "காலியா கெடக்கே மாமா" என்று குணவதி கவலைப்பட்டாள். ஆலையின் தண்ணீர் லாரியில் குழாய்த் தண்ணீர் கொண்டுவரச் செய்து நிரப்பிக் கொடுத்தேன். முற்றத்துக்கும் புதுச் செம்மண் இறக்கினேன். மண்வெட்டி பிடித்துப் பரப்பியவன் முருகையா.

மறுநாள் அதிகாரி வந்தார். செம்மண்ணைச் சுரண்டிப் பையில் போட்டார். கிணற்றில் வாளி விட்டுப் போத்தலில் நிரப்பினார். நானும் ஒரு டம்ளர் மொண்டு, லயமே பார்க்க, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.

சோதனையில் குறை ஒன்றும் இல்லை என்று வந்தது. "ஆர்தரே குடிச்சாரு, ஒனக்கென்னாய்யா கேடு" என்று லயத்துப் பெண்கள் முருகையாவைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

குணவதி மேடேறுவதை விட்டுக் கிணற்றுக்கே திரும்பினாள். அதற்குள் லாரித் தண்ணீர் தீர்ந்து, பழைய ஊற்று ஊறி நிறைந்துவிட்டது. அதுவும் எனக்குத் தெரியும்.

பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்று தேநீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"எங்க வீட்டுத் தேத்தண்ணி மட்டும் ஏன் மாமா ஒங்களுக்கு ஆகாது?"

வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்றேன். அவள் சிரித்துவிட்டு உள்ளே போய்ப் பிள்ளைக்கு மாவுப்பால் கரைத்தாள். பக்கத்தில் கிணற்றுக் குடம் இருந்தது. நான் விடைபெற்றுக்கொண்டு கிளம்பினேன்.

அந்தப் பிள்ளை இறந்த பிறகுதான் ஆர்சனிக் என்று ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். ஆமாம், தெரிந்தேதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். கொலை என்று மட்டும் எழுதாதீர்கள். கிணற்றை இறைத்தது அவர்கள். மண்ணைப் பரப்பியது முருகையா. பாலைக் கரைத்தது பெற்ற தாய். நான் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன், அவ்வளவுதான்.