சின்னப் பட்டை

உங்கள் சட்டைக் கை கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். தப்பாக நினைக்காதீர்கள். முப்பது வருஷம் மருந்துக்கடை வைத்திருப்பவனுக்கு ஆளைப் பார்த்ததும் கைதான் கண்ணில் படும். நீங்கள் கேட்க வந்ததும் கை சம்பந்தப்பட்ட சமாச்சாரம்தான்.

சிரம்பானிலும் பாரோயிலும் மம்பாவிலும் எனக்குக் கடை உண்டு. இந்தப் பிரேமநாதன் வந்தால் வர்த்தகச் சங்கத்தில் எழுந்து நிற்பார்கள். கட்சியில் சேர்ந்ததும் மேடையில் கடைசி நாற்காலி கிடைத்தது, காற்றாடிக் காற்று எட்டாத மூலையில். மாலை என் பக்கம் வருவதற்குள் தீர்ந்துவிடும். “மருந்துக்கடைக்காரருக்குத் தோட்டத்துல எவன்லா ஓட்டுப் போடுவான்?” என்று மாநிலத் தலைவர் என் காதுபடவே கேட்டார்.

நியாயமான கேள்வி. மம்பாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நான் ஓட்டுக் கேட்கப் போன அதே தோட்டத்தில் என் தாத்தா கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். காலையில் பேர் கூப்பிட்டு, தாமதமாக வந்தவர்களைத் திருப்பி அனுப்பியவர். பேரன் போய்க் கும்பிடு போட்டால் சிரிக்கத்தானே செய்வார்கள்? சிரித்தார்கள்.

ஆகவே தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் இலவச முகாம் போட்டு பிரஷர் பார்த்தேன். முதல் நாளே கையில் சுற்றும் பெரிய பட்டை கிழிந்துவிட்டது. பெட்டியில் மிச்சமிருந்தது குழந்தைகளுக்கான சின்னப் பட்டை. அங்கே வந்ததெல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை தூக்கித் தடித்த கைகள். தடித்த கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷரைக் கருவி காட்டும். படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது.

அன்று அதையே கட்டிப் பார்த்து, பிரஷர் என்று சொல்லி மாத்திரை கொடுத்தது தவறுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிரித்தவர்கள் அன்று சிரிக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க வராட்டி நாங்க செத்திருப்போம் டாக்டர்” என்றார்கள். டாக்டர் இல்லை, மருந்தாளர் என்று இரண்டு பேரிடம் திருத்தினேன். மூன்றாவது ஆளிடம் விட்டுவிட்டேன்.

மறுநாளே புதுப் பெரிய பட்டை வாங்கிவிட்டேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கடையில் வைத்தேன். முகாமுக்கு எடுத்துப்போக மறந்தேன். ஒன்பது மாதம் மறந்தேன்.

லோகேஸ்வரி அந்தத் தோட்டத்தில் குலையிலிருந்து விழும் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். வாட்டசாட்டமான பெண்மணி, வாயும் அப்படித்தான். “எனக்கு ஒண்ணும் செய்யலையே டாக்டர். சரி, நீங்க சொன்னா சரிதான்லா” என்று மாத்திரையை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிளில் என் கொடியைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். என்னிடம் சம்பளம் வாங்குகிறவர்கள்கூட எனக்காக அப்படி உழைத்ததில்லை.

வேட்பாளர் யார் என்று முடிவு செய்ய மாநிலத் தலைவர் முகாமுக்கு வந்த நாள். வரிசை கோயில் வாசலைத் தாண்டி நின்றது. முதலில் வந்து உட்கார்ந்தவர் லோகேஸ்வரி. “எந்திரிச்சா கண்ணு இருட்டிக்கிட்டு வருது டாக்டர். நேத்து மோட்டார் ஓட்டறப்பகூட வந்துச்சு. மாத்திர ஒத்துக்கலையோ?”

ஒத்துக்கொள்ளாமல் இல்லை. நோயில்லாத உடம்பில் மாத்திரை பிரஷரை இறக்கித் தன் வேலையைச் செய்திருந்தது. நிறுத்துங்கள் என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் ஏன் என்று கேட்டிருப்பார்கள். தலைவர் வேறு பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் சின்னப் பட்டையைக் கட்டினேன். கருவி கூடுதல்தான் காட்டியது.

“அது பிரஷர் வேலைம்மா. ரெண்டா போடுங்க” என்றேன்.

தலைவர் என் முதுகில் தட்டினார். அந்த வாரமே வேட்பாளரானேன். அடுத்த வாரம் என் கூட்டத்துக்கு வரும் வழியில் லோகேஸ்வரி மோட்டாரோடு கால்வாயில் விழுந்து இறந்துபோனார். கொடி மோட்டாரிலேயே இருந்ததாம். இரங்கல் உரை நான்தான். அந்தத் தோட்டம் மொத்தமும் எனக்கே ஓட்டுப் போட்டது.

அவர் மகள் புனிதா ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறாள் என்பதை நான் விசாரித்திருக்க வேண்டும். மாத்திரை அட்டையோடு என் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கு வந்தாள். அழவில்லை. “எங்கம்மா கையில எந்தப் பட்டைய கட்டுனீங்க?” என்று மட்டும் கேட்டாள். நல்ல தாதி. பிறகு நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

ஆக, ஆமாம். அந்த அம்மாவுக்கு நோயே இல்லை. தெரிந்துதான் கொடுத்தேன், தெரிந்துதான் இரட்டிப்பாக்கினேன். இன்னும் சில பேர் இப்போதும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நிறுத்தச் சொல்லலாம்தான், ஆனால் அடுத்த தேர்தல் வரைக்கும் அவர்கள் மனசு கலங்கக்கூடாது பாருங்கள்.

ஆனால் கெட்ட எண்ணம் இருந்ததா என்று கேட்டால், இல்லை. குற்றவாளி என்றால் நெஞ்சு படபடக்கும், ரத்தம் கொதிக்கும். இன்று காலைகூட எனக்குப் பிரஷர் பார்த்தேன். பச்சைக் குழந்தைக்கு இருக்கிற மாதிரி இருக்கிறது. பெரிய பட்டையில்தான் பார்த்தேன். சின்னதை நம்ப முடியாது.