அந்தியில் ஆடுவோம், அனைவரும் பார்க்க!

என்னைப் பேச அழைத்ததற்காக இந்நேரம் வருந்தத் தொடங்கியிருக்கும் அவைத்தலைவர் அவர்களே! ஆடுகளத்தை ஆண்ட மூத்த ஆட்டக்காரர்களே! புல்லும் புழுதியும் படிந்த வெள்ளுடைகளை வெளுத்து வெளுத்துக் கொடுத்துவிட்டு, ஆட்டத்தை மட்டும் பார்க்க வாய்க்காத தாய்மார்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

நான் ஆடுகளத்தில் நடுவராக நின்றவன், நாவலனாக நின்றவனல்லன். பேச்சை எழுதிய தாள் மேசை மறைவில் இருப்பதால் உங்களுக்குத் தெரியவில்லை. தெரிகிறதா? சரி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கரை அணியோடு ஆண்டுதோறும் ஐந்து நாள் ஆடுகிறோமே, நம் டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டம், அதைப் பிற்பகலில் தொடங்கி விளக்கொளியில் முடியும் பகலிரவு ஆட்டமாக ஆடலாமா? கூடாது என்றார் எனக்கு முன் பேசிய நங்கூரம் அண்ணன். நாள் முழுக்க நின்று ஒன்பது ரன் எடுத்தவர். அவர் வாதத்தை அசைப்பது எளிதா? அந்தி மயக்கத்தில், விளக்கொளிக்கென்று வந்த இளஞ்சிவப்புப் பந்து கண்ணுக்குப் பிடிபடாது என்றார். உண்மை. பனி இறங்கினால் பந்து வழுக்கும் என்றார். அதுவும் உண்மை.

ஆனால் அண்ணே, காலை ஈரத்தில் பந்து பாம்பாய்ச் சீறவில்லையா? ஐந்தாம் நாள் ஆடுகள வெடிப்பில் விழுந்து நம் பல்லைப் பதம் பார்க்கவில்லையா? அவற்றையெல்லாம் சோதனை என்று போற்றினோமே, அந்தியை மட்டும் அநியாயம் என்று தூற்றலாமா?

போன மாதம் விளக்கொளியில் ஒருநாள் வெள்ளோட்டம் பார்த்தோம். முதல் இடைவேளை தேநீருக்கு, இரண்டாவதுதான் சாப்பாட்டுக்கு என்று நம் சமையல்காரரிடம் படித்துப் படித்துச் சொன்னோம். "முதல் மணி அடிச்சா சாப்பாடு, ரெண்டாவது மணிக்கு டீ. இத்தனை வருஷப் பழக்கம் சார், என் கை கேக்காது" என்று இலை போட்டேவிட்டார். வீட்டில் உண்டு வந்தவர்கள் மறுபடி உண்டார்கள். பிறகு மட்டையாளருக்குப் பின்னே ஸ்லிப்பில் மூவர் நின்றார்கள், மூவரும் கொட்டாவி. கேட்ச் வந்து மார்பில் அடித்துத்தான் ஒருவரை எழுப்பியது! சிரியுங்கள், சிரியுங்கள், அவர் இங்கேதான் இருக்கிறார்.

அன்று மாலை, பேருந்தைப் பணிமனையில் விட்டுவிட்டு, சீருடையோடு வந்து அமர்ந்தார் ஓட்டுநர் அம்மா. நம் சுழற்பந்து வீச்சாளன் பம்பரத்தின் தாய். மகன் வீசி ஒரு பந்துகூட அவர் பார்த்ததில்லை. பகலில் அவனுக்கு ஆட்டம். பகலில் இவருக்கு ஓட்டம். ஞாயிறென்றால் பேருந்தில் இன்னும் கூட்டம்!

பம்பரம் பந்தைக் கேட்டான். "பனி விழுதுடா, வழுக்கும்" என்று கேப்டன் மறுத்துவிட்டார். நடுவனுக்கு அதில் தலையிட உரிமையில்லை. அப்போது எல்லைக்கோட்டிலிருந்து எழுந்தது ஒரு குரல்.

"கேப்டன் தம்பி! நான் மழையில வழுக்குற ரோட்டுல அறுபது பேரை ஏத்திக்கிட்டு ஓட்டுறேன். என் புள்ள வழுக்குற பந்தை வீச மாட்டானா? குடுப்பா!"

"ஐயோ அம்மா, சும்மா இரும்மா, மானம் போகுது!"

கேப்டன் கொடுத்தார். முதல் பந்து கூரைமேல் சிக்ஸர். "என்னடா, ஸ்டாப்புல நிக்காமப் போகுது!" என்றார் தாய். அடுத்த பந்தைத் துண்டால் துடைத்தான், துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். வீசினான். விழுந்தது, திரும்பியது, ஸ்டம்பு பறந்தது! அவன் கேப்டனிடம் ஓடவில்லை, எல்லைக்கோட்டுக்கு ஓடினான்.

அன்பர்களே, வெளியூரில் வேலை கிடைத்துப் போகிறான் பம்பரம். வரப்போகும் ஆட்டமே நம் அணியில் அவனுக்குக் கடைசி. ஒரே ஓவர் பார்த்த தாய், ஐந்து மாலையும் பார்க்க வேண்டாமா? ஊசி போடும் செவிலி பார்க்க வேண்டாமா? ஊசி பிடிக்கும் தையற்காரர் பார்க்க வேண்டாமா? உழைக்கும் ஊர் உள்ளே வர முடியாத நேரத்தில், காலி நாற்காலிக்கா கவர் டிரைவ்? கதிரவனுக்கு மட்டுமா சதம்? டெஸ்ட் ஆட்டம் ஐந்து நாள் வாழட்டும்; ஐந்து மாலையும் ஊரோடு வாழட்டும்!

கடைசி வரிசையில் என்ன, ஓட்டுநர் அம்மா? "சீக்கிரம் முடிங்க சார், கையைத் தூக்கணும், காலையில முதல் வண்டி என்னோடது" என்கிறார்.

முடித்தேன் அம்மா. பகலிரவு ஆட்டம் வேண்டும் என்போர் கைகளை உயர்த்துங்கள்! அடடா, அரங்கமே எழுகிறதே! தம்பி பம்பரம், இரண்டு கையையும் தூக்காதே அப்பா, உனக்கும் ஒரு வாக்குதான்!

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு என் நன்றி. இனி விளக்கொளியில் சந்திப்போம். வணக்கம்!